மூன்றாம் மாடிக்குக் கேட்கும் குரல்

எர்ணாவூர் குடியிருப்பில் யாரும் சும்மா படி ஏற மாட்டார்கள். மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது. கீழே நின்று மேலே இருப்பவரின் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். உடனே பால்கனியிலிருந்து கயிற்றில் கட்டிய கூடை ஒன்று இறங்கி வரும். கறிவேப்பிலையோ காய்ச்சல் மாத்திரையோ, எதைப் போட்டாலும் மேலே போய்விடும்.

ஆகவே அங்கே நல்ல குரல் உள்ளவர்களுக்குக் கால் வலி வருவதில்லை.

செங்கொடிக்கு இதுவரை கால் வலி வந்ததே இல்லை. ஏழாம் வகுப்பு படிக்கிறாள். தரைத்தளத்தில் வீடு. அவள் வாயைத் திறந்தால் குக்கர் விசில்கூடக் காதில் விழாது என்று அவள் அம்மா பூவம்மா சொல்வார். திட்டுவதுபோலத்தான் சொல்வார். ஆனால் அதில் கொஞ்சம் பெருமையும் கலந்திருக்கும்.

செங்கொடிக்குக் குரல் பெரிது. ஆனால் பாட்டு என்றால் பீம்ராவ்தான். மூன்றாம் மாடியில் இருக்கிறான், எட்டாம் வகுப்பு. இருவரும் தவழ்ந்த காலத்திலிருந்தே தோஸ்துகள். பீம்ராவ் பாடினால் துணி காயப்போட வந்தவர்கள் கையில் துணியுடன் அப்படியே நின்றுவிடுவார்கள். பள்ளியின் பாட்டுக் குழுவுக்கு மூன்று வருடமாக அவன்தான் முன்பாட்டு.

இந்த வருடக் குழுப் பாட்டுப் போட்டிக்கு அவனே ஒரு மெட்டுப் போட்டான். தேவப்பிரியம் டீச்சர் வரிகள் எழுதினார். அவர் கணக்கு டீச்சர். பள்ளியில் பாட்டு டீச்சர் இல்லாததால் பாட்டும் அவர் தலையில் விழுந்திருந்தது. ஆனாலும் வரிகள் நன்றாகவே வந்தன.

"தடதடன்னு வருது பாரு கும்மிடிப்பூண்டி வண்டி
தூங்கிப்போன ஸ்டேஷனெல்லாம் எழுப்பிப்போற வண்டி"

இப்படி ஆரம்பித்து, ரயில் எண்ணூர்ப் பக்கம் பாலம் ஏறும்போது மெட்டும் விறுவிறுவென்று மேலே ஏறும்.

"பாலம் வந்தா வானம்... வானம்... ஜன்னலெல்லாம் வானம்"

அந்த இரண்டாவது 'வானம்' இருக்கிறதே, அதுதான் பாட்டின் உச்சி. அந்த உச்சியில்தான் அன்றைய ஒத்திகையில் பீம்ராவ் மாட்டிக்கொண்டான்.

முதல் 'வானம்' சரியாக வந்தது. இரண்டாவதைத் தொட்டதும் அவன் குரல் இரண்டாக உடைந்தது. பாதி மேலே கீச்சென்று போனது. மீதிப் பாதி கீழே கரகரவென்று விழுந்தது.

குழுவில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ரெஜி மட்டும் சிரிப்போடு நிறுத்தவில்லை. அதேபோல ஒருமுறை செய்தும் காட்டினான். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு எழுந்தது.

பீம்ராவ் மறுபடி பாடிப் பார்த்தான். மறுபடியும் உடைந்தது. அவன் முகம் சிவந்துவிட்டது. பையை எடுத்துக்கொண்டான்.

"என் குரல் பூட்ச்சு டீச்சர். வேற ஆளப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

மீசை அரும்பும் வயதில் பையன்களுக்குக் குரல் மாறும் என்று தேவப்பிரியம் டீச்சர் எல்லோருக்கும் விளக்கினார். அது நோய் இல்லை, கொஞ்ச நாளில் புதுக் குரல் நிலைத்துவிடும் என்றும் சொன்னார். பீம்ராவின் அம்மா மாயாவும் வீட்டில் அதையேதான் சொன்னார். ஆனால் போட்டி வெள்ளிக்கிழமை. கொஞ்ச நாள் என்பதெல்லாம் பீம்ராவின் காதில் ஏறவில்லை. அவன் பாடுவதோடு பேசுவதையும் நிறுத்திவிட்டான். கேட்டதற்கெல்லாம் தலையாட்டல்தான் பதில்.

முன்பாட்டு செங்கொடிக்கு வந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால், அவளுக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. அடுத்த நிமிடம் பீம்ராவின் காலி இடத்தைப் பார்த்தாள். சந்தோஷம் அப்படியே வடிந்துவிட்டது. அவன் பாடாமல் அவன் மெட்டை மட்டும் மேடை ஏற்றுவது அவளுக்குப் பிடிக்கவில்லை. எப்படியாவது அவனைத் திரும்பக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். முடியும் என்றும் நினைத்தாள். செங்கொடிக்கு முடியாது என்று முதலிலேயே தோன்றுகிற பழக்கம் கிடையாது.

ஆனால் அந்த 'வானம்' அவளையும் விடவில்லை.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அந்தப் பக்கத்தில் இரவு பகலாகத் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லாரிகள் போய்க்கொண்டே இருக்கும். லாரிச் சத்தத்தைத் தாண்டிக் கேட்க வேண்டும் என்று பேசிப் பேசியே அங்கே எல்லோருக்கும் குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்தில் இருப்பவனிடம் பென்சில் கேட்டால்கூடப் பக்கத்துத் தெருவுக்குக் கேட்கும். பாட்டையும் அப்படித்தான் ஆரம்பிப்பார்கள். முதல் வரியே பாதி மாடி ஏறி நிற்கும். அதற்கு மேல் உச்சிக்குப் போவது என்றால் சும்மாவா?

"ஏறும்போது இன்னும் பலமா, செங்கொடி. தம் கட்டிப் பாடு" என்றார் டீச்சர்.

செங்கொடி தம் கட்டினாள். கழுத்து நரம்பு புடைத்தது. 'வானம்' வந்தது, ஆனால் அது பாட்டு இல்லை. யாரோ காலை மிதித்துவிட்டதுபோன்ற ஒரு கத்தல். மூன்று முறை பாடியதும் தொண்டை எரிந்தது. மாலை வீட்டுக்கு வரும்போது குரல் கம்மிவிட்டது.

"இந்தா, மாயா வூட்டுக்கு மாவு குடுத்துட்டு வா" என்று பூவம்மா ஒரு தூக்கை நீட்டினார். "இன்னாடி, தொண்ட கட்டிக்கிச்சா?"

"இல்லம்மா" என்றாள் செங்கொடி, சத்தமே வராமல்.

அவள் கீழே நின்று மேலே பார்த்தாள். வழக்கம்போல வயிற்றிலிருந்து பெரிதாகக் கத்தினால் தொண்டை கிழிந்துவிடும் போலிருந்தது. படி ஏறிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். படி ஏறுவதா, இந்தச் செங்கொடியா? கத்தாமல், லேசாக, வலிக்காத அளவுக்குக் கூப்பிட்டுப் பார்த்தாள்.

"பீ...மூ..."

'பீ' கீழே இருந்தது. 'மூ' தானாகவே மெல்லிசாகி, துள்ளி மேலே ஏறி நின்றது. மூன்றாம் மாடியிலிருந்து கூடை இறங்கி வந்தது.

செங்கொடி தூக்கைக் கூடையில் வைத்தாள். கூடை மேலே போனது. அவள் மட்டும் நகரவில்லை. இப்போது ஒன்று நடந்ததே, அது என்ன? அந்த 'மூ' எவ்வளவு உயரம்? அவள் வாய்க்குள்ளேயே 'வானம்' பாடிப் பார்த்தாள். ஆமாம், அந்த 'மூ' உச்சி 'வானம்' அளவுக்கு உயரம்தான். இல்லை, அதைவிடக் கொஞ்சம் அதிகம்.

வலிக்கவே இல்லையே.

"பீ...மூ..." மறுபடி கூப்பிட்டாள். கூடை இறங்கியது. அவளிடம் போட ஒன்றும் இல்லை. கூடை மேலே போனது.

"பீ...மூ..." கூடை மறுபடி இறங்கியது.

"இன்னாமே, வெளாட்றியா?" மாயா பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தார். "கூடைய தூக்கித் தூக்கி எனக்கு கை வலிக்குது."

"பீமுவ கீழ அனுப்புக்கா. முக்கியமான விசயம்."

பீம்ராவ் இறங்கி வந்தான். என்ன என்று புருவத்தை மட்டும் உயர்த்தினான்.

செங்கொடி அவனைப் படிக்கட்டுக்குள் இழுத்துப் போனாள். அங்கே லாரிச் சத்தம் அவ்வளவாகக் கேட்காது. பேசினால் சுவர்கள் திருப்பிப் பேசும்.

"நெஞ்சுல கைய வையி. நானும் வக்கிறேன். இப்ப கீழ்க் குரல்ல ஊன்னு சொல்லு."

அவன் வாயைத் திறக்கவில்லை. செங்கொடியே தணிந்த குரலில் "ஊ..." என்றாள். உள்ளங்கையில் நெஞ்சு அதிர்ந்தது. ஓடுகிற கிரைண்டர் மேல் கை வைத்தாற்போல இருந்தது. பிறகு, மாடிக்குக் கூப்பிட்டது மாதிரி மெல்லிசாக மேலே "ஊ..." என்றாள். நெஞ்சு அமைதியாகிவிட்டது. மூக்கின் மேலும் கன்னத்திலும் சின்னதாகக் குறுகுறுத்தது.

"பாத்தியா? ரெண்டு குரலும் ரெண்டு எடத்துல கீது. நா இன்னா பண்ணேன் தெரியுமா? கீழ்க் குரலயே அப்டியே மேல தூக்கிக்கினு போனேன். ரெண்டு குடத்தோட மூணாவது மாடி ஏர்ற மாதிரி. நடுவுல ஒரு குடத்த எறக்கி வச்சிடணும் பீமு."

பீம்ராவின் கண்கள் விரிந்தன. பாட்டுக்காரன் அல்லவா, பேசாமல் இருக்க முடியவில்லை.

"எங்க எறக்குவ?" என்றான். கரகரவென்று வந்தது.

"அதத்தான் தேடணும்."

கீழிருந்து மேலே ஒரே 'ஊ'வாக இழுத்துக்கொண்டு போனாள். ஓர் இடத்தில் குரல் தடுக்கி விழுந்தது. மறுபடி இழுத்தாள். அதே இடம். அங்கே ஒரு படி இருக்கிறது, அதில்தான் கால் இடறுகிறது என்று இருவருக்கும் புரிந்தது.

"படி வர்றதுக்கு முன்னாலயே கொறச்சிக்கோ" என்றான் பீம்ராவ். "மேல வந்தப்பறம் கொறச்சா லேட்டு."

அப்படிச் செய்தாள். முதல் முறை எலி கத்துவதுபோல வந்தது. அடுத்த முறை பரவாயில்லை. பல முறைக்குப் பிறகு குரல் இடறாமல் படியைத் தாண்டி, மெல்லிசாக, ஆனால் நேராக மேலே போய் நின்றது. அங்கே நின்றபடி 'ஊ'வை மெதுவாகத் திறந்து 'ஆ' ஆக்கினாள். அது அப்படியே 'வானம்' ஆனது.

படிக்கட்டு முழுவதும் அந்த 'வானம்' கேட்டது. கத்தல் இல்லை, பாட்டு.

"ஜோரா கீது" என்றான் பீம்ராவ். பிறகு முகம் சுருங்கியது. "உனக்கு சரி. எனக்கு அந்தப் படிய தாண்டவே முடியாது. எங்க இருக்குன்னே தெரில. தெனம் எடம் மாறிக்கினே கீது."

"அப்போ தாண்டாத. கீழயே பாடு."

"மொத வரியே எனக்கு மேலதான."

"யார் சொன்னா? நம்ம லாரிக்கு பயந்து மேல ஆரம்பிக்கிறோம். இங்க லாரி கீதா? கீழ ஆரம்பி."

பீம்ராவ் ஆரம்பித்தான். பழக்கம் விடவில்லை, மேலேயே போனது. செங்கொடி தலையாட்டினாள். கொஞ்சம் இறக்கினான். "இன்னும்" என்றாள். இன்னும் இறக்கினான்.

"தடதடன்னு வருது பாரு..."

செங்கொடி கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். கம்பி அவள் கையில் அதிர்ந்தது. தூரத்தில் ரயில் வரும்போது தண்டவாளம் அதிர்கிற அதே அதிர்வு. பீம்ராவ் பாட்டை நிறுத்திவிட்டுத் தன் நெஞ்சைத் தானே குனிந்து பார்த்தான். இப்படி ஒரு குரல் தனக்குள் இருப்பது அவனுக்கே அப்போதுதான் தெரிந்தது.

"குரல் பூட்ச்சுன்னியே. புதுசா ஒண்ணு வந்துகீது" என்றாள் செங்கொடி. "கீழ நீ பாடு. பாலத்துல நா ஏத்திக்கிறேன்."

பீம்ராவ் கைப்பிடிக் கம்பியை விரலால் சுரண்டினான்.

"நடுவுல ஒடஞ்சா? ரெஜி சிரிப்பான்."

"ரெஜிய நா பாத்துக்கிறேன்."

அடிப்பாளோ என்று பீம்ராவ் பயந்தான். செங்கொடி அப்படி எதுவும் செய்யவில்லை. மறுநாள் ஒத்திகையில், ஒரு விளையாட்டு என்று சொல்லி எல்லோரையும் வட்டமாக நிற்க வைத்தாள். நெஞ்சில் கை வைத்து, கீழிருந்து மேலே ஒரே மூச்சில் 'ஆ' என்று இழுக்க வேண்டும். அவ்வளவுதான்.

மஹீன் இழுத்தான். நடுவில் விக்கல் எடுத்ததுபோல ஆனது. செங்கொடி வேண்டுமென்றே படியில் முன்கூட்டிக் குறைக்காமல் இழுத்துத் தடுக்கி விழுந்தாள். தேவப்பிரியம் டீச்சரும் ஆசைப்பட்டு இழுத்தார். அவர் குரல் படியில் காணாமல் போய், கொஞ்ச நேரம் கழித்து வேறு எங்கிருந்தோ வந்தது. ரெஜியின் முறை வந்தது. அவன் நடுவில் "மே" என்று ஓர் ஆட்டுக்குட்டியாக மாறிவிட்டான்.

வகுப்பே குலுங்கியது. ரெஜியும் சிரித்தான்.

"எல்லாருக்கும் ஒரு படி கீது. பீமுவோடது மட்டும் எடம் மாறிக்கினு கீது, அவ்ளோதான்" என்றாள் செங்கொடி.

ரெஜி கதவோரம் நின்றிருந்த பீம்ராவைப் பார்த்தான். காதைச் சொறிந்தான்.

"உன்னுது எவ்ளோ பரவால்ல மாமு" என்றான். "என்னுது ஆடு. வா, வந்து நில்லு."

பீம்ராவ் வந்து தன் பழைய இடத்தில் நின்றான். செங்கொடிக்குத் தொண்டைவரை சந்தோஷம் வந்து நின்றது. டீச்சர் பக்கம் திரும்பி, உச்சியில் பலம் கூட்டக் கூடாது, குறைக்க வேண்டும் என்று பாடிக் காட்டினாள்.

"நான் கூட்டச் சொல்லிட்டேன், இது கழித்தல் கணக்கா?" என்று டீச்சர் தலையில் தட்டிக்கொண்டார். "சரி, இனிமே நீங்க ரெண்டு பேரும் சொல்ற மாதிரியே."

வெள்ளிக்கிழமை திருவொற்றியூரில் போட்டி. வேறொரு பள்ளியின் பெரிய கூடம். ஜன்னல்களுக்கு வெளியே நெடுஞ்சாலை. அங்கேயும் லாரிகள்தான்.

முதலில் பாடிய குழு ஆர்மோனியம் கொண்டு வந்திருந்தது. ரெஜி அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டான். செங்கொடி அவன் தோளில் தட்டினாள்.

"நம்மகிட்ட ரயிலே கீது" என்றாள்.

அவர்கள் மேடை ஏறினார்கள். குழு "தடக் தடக், தடக் தடக்" என்று தணிந்த குரலில் ஆரம்பித்தது. அதன் மேல் பீம்ராவ் முதல் இரண்டு வரிகளைத் தனியாகப் பாட வேண்டும். வழக்கப்படி இரண்டு தடவை. அதன் பிறகு எல்லோரும் சேர்ந்துகொள்வார்கள்.

பீம்ராவ் மூச்சை இழுத்தான். சரியாக அந்த நேரம் பார்த்து வெளியே ஒரு கண்டெய்னர் லாரி நீளமாக ஹாரன் அடித்தது.

பிறந்ததிலிருந்து வந்த பழக்கம். லாரியைத் தாண்டிக் கேட்க வேண்டும் என்று அவன் குரல் தானாக ஏறிவிட்டது. பாட்டு பழைய இடத்தில், பாதி மாடி உயரத்தில் ஆரம்பித்தது.

முதல் வார்த்தையிலேயே செங்கொடிக்குத் தெரிந்துவிட்டது. இப்படியே போனால் இரண்டாவது தடவைக்குள் அவன் குரல் உடைந்துவிடும். இத்தனை பேர் முன்னால் உடைந்தால் பீம்ராவ் இனிமேல் வாயே திறக்க மாட்டான். அவனுக்கும் அது தெரிந்திருந்தது. நெற்றியில் வியர்வை. 'எழுப்பிப்போற வண்டி' என்ற கடைசி வார்த்தைகளில் குரல் நடுங்க ஆரம்பித்தது.

நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பிக்க முடியாது. நிறுத்தினால் தோற்றதுபோல ஆகிவிடும்.

ஏன் நிறுத்தக் கூடாது, இது ரயில்தானே?

செங்கொடி குழுவைப் பார்த்துக் கையை மெதுவாகத் தாழ்த்தினாள். "தடக்... தடக்..." வேகம் குறைந்தது. அவள் வாயைக் குவித்தாள். மாடிக்குக் கூப்பிடுகிற அந்த மெல்லிய குரலில், உயரத்தில், ரயில் ஊதுவதுபோல "கூ..." என்றாள். உயரத்தில் தொடங்கியதை விடாமல் இழுத்து, மெதுவாகக் கீழே கொண்டுவந்தாள். நடுவில் படி வந்தது. கூடையைக் கயிற்றில் இறக்குவதுபோலப் பொறுமையாக, ஒரு குலுக்கலும் இல்லாமல், குரலை அதன் வழியே இறக்கினாள். கீழே, அடியில், நெஞ்சு அதிர்கிற இடத்தில் கொண்டுவந்து நிறுத்தினாள். பீம்ராவ் ஆரம்பிக்க வேண்டிய அதே சுருதி.

நிறுத்தியதும் தன் நெஞ்சில் கையை வைத்து அவனைப் பார்த்தாள்.

என்ன நடக்கிறது என்று ரெஜிக்கு முழுதாகப் புரியவில்லை. ஆனால் ரயில் நின்றுவிட்டது என்பது மட்டும் புரிந்தது. சும்மா இருப்பானா? மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒலிபெருக்கிக் குரலில் அறிவித்தான்.

"பயணிகள் கவனத்துக்கு. வண்டி திருவொற்றியூர் வந்துவிட்டது."

கூடம் முழுவதும் சிரித்தது. தங்கள் ஊர்ப் பெயரைக் கேட்ட சந்தோஷச் சிரிப்பு. அந்தச் சிரிப்பில் பீம்ராவுக்கு மூச்சு விட நேரம் கிடைத்தது. அவனும் நெஞ்சில் கை வைத்தான். வண்டி ஸ்டேஷனிலிருந்து கிளம்பியது.

"தடதடன்னு வருது பாரு கும்மிடிப்பூண்டி வண்டி..."

இந்தத் தடவை அடியிலிருந்து வந்தது. கூடம் சட்டென்று அமைதியானது. எட்டாம் வகுப்புப் பையனிடம் இப்படி ஒரு குரலை யாரும் எதிர்பார்க்கவில்லை. வெளியே இன்னொரு லாரி ஹாரன் அடித்தது. பீம்ராவ் அசையவில்லை. போகட்டும் என்று விட்டுவிட்டுத் தன் பாட்டைப் பாடினான்.

பாலம் வந்தது. செங்கொடி அவனிடமிருந்து வரியை வாங்கிக்கொண்டாள். முதல் 'வானம்'. படிக்கு முன்னாலேயே ஒரு குடத்தை இறக்கி வைத்தாள். இரண்டாவது 'வானம்' லேசாக மேலே ஏறி, அங்கேயே நின்றது. கழுத்து நரம்பு புடைக்கவில்லை. அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. சிரித்துக்கொண்டே பாடினாள். கீழே பீம்ராவின் குரல் ரயிலாக ஓடிக்கொண்டிருந்தது.

அவர்களுக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. ஆர்மோனியக் குழுவுக்கு முதல் பரிசு. ஆனால் நடுவராக வந்திருந்த பெண்மணி, தேவப்பிரியம் டீச்சரைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நடுவில் வண்டியை நிறுத்தி, சுருதியை இறக்கிக் கிளப்பினீர்களே, அந்த யோசனை யாருடையது?" என்று கேட்டார்.

"எங்க ஊர் லாரியோடது" என்றார் டீச்சர்.

பரிசாக ஆளுக்கொரு டிபன் டப்பா கொடுத்தார்கள். ஊர் திரும்பும்போது பீம்ராவ் தன்னுடையதை ரயிலிலேயே மறந்துவிட்டுப் போகப் பார்த்தான். செங்கொடி எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

மாலையில் அந்த டப்பாவை எடுத்துக்கொண்டு அவள் வழக்கமான இடத்தில் வந்து நின்றாள். கூப்பிட வாயைத் திறந்தாள். அதற்குள் மேலேயிருந்தே கூப்பிடும் சத்தம் கேட்டது.

"செங்கொடி..."

பல நாளுக்குப் பிறகு பீம்ராவ் பால்கனியில் நின்று வாய் திறந்து கூப்பிடுகிறான். உடையவில்லை, கீச்சிடவில்லை. அடிக்குரலில், அகலமாக இறங்கி வந்தது. மதில்மேல் படுத்திருந்த பூனை எழுந்து உட்கார்ந்தது.

வீட்டுக்குள்ளிருந்து மாயாவின் குரல் கேட்டது.

"இன்னாங்க, இன்னிக்கு ஷிப்டு சீக்கிரம் முடிஞ்சிச்சா?"

"நைனா இல்லம்மா" என்றான் பீம்ராவ், கூடையை இறக்கிக்கொண்டே. "நான்தான்."